இருபது நிமிட மெமோ

போன மாதம் ஒரு கேட் கீப்பர் போன் செய்தார். "சார், நம்ம பெரியவர் தவறிட்டாரு." பெயர் சொல்லவில்லை. அந்த லைனில் தண்டவாளத்தை நடந்தே பார்க்கிற கீமேன்கள் எத்தனையோ பேர் வந்து போயிருக்கிறார்கள், பெரியவர் என்றால் அவர் ஒருவர்தான்.

2002இல் விழுப்புரம் - திருச்சி ரயில் பாதையில், அரியலூர்ப் பக்கம் ஒரு சின்ன ஸ்டேஷனில் ஜூனியர் இன்ஜினியராகச் சேர்ந்தேன். தண்டவாளப் பராமரிப்பு வேலை. எனக்கு 24 வயது, அவருக்கு 58. "முதல்ல பெரியவரோட ஒரு நாள் நடந்துட்டு வா, அப்புறம் புஸ்தகத்தைப் படிக்கலாம்" என்று மேலதிகாரி அனுப்பிவைத்தார்.

கீமேன் என்றால் ரயிலில் தினமும் போகிறவர்களுக்கே யாரென்று தெரியாது. அவருக்கென்று சுமார் ஆறு கிலோமீட்டர் பாதை. போகும்போது ஒரு பக்கத் தண்டவாளத்தைப் பார்த்துக்கொண்டே நடக்க வேண்டும், திரும்பும்போது மறுபக்கம். தோளில் ஸ்பேனர், சுத்தியல், கொடிகள், ஆபத்து நேரத்தில் தண்டவாளத்தில் கட்டுகிற பட்டாசு, சக்கரம் ஏறினால் வெடித்து டிரைவரை எச்சரிக்கும். தளர்ந்த கிளிப்பை அடித்து இறுக்க வேண்டும், தண்டவாளங்களை ஒட்டியிருக்கிற வெல்டில் கீறல் விழுந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். அந்தக் காலத்தில் தண்டவாளத்தைச் சிலிப்பர் கட்டையோடு பிடித்து நிறுத்த இரும்பு 'கீ' அடிப்பார்கள். பெயர் அதிலிருந்து வந்தது. கான்கிரீட் கட்டையும் வளைந்த கிளிப்பும் வந்த பிறகும் பெயர் மட்டும் அப்படியே நிற்கிறது.

அன்று எனக்கு அரை கிலோமீட்டரிலேயே இடுப்பு கழன்றுவிட்டது. கட்டைக்குக் கட்டை 60 சென்டிமீட்டர். என் நடைக்கு அது குட்டை, ஒன்று விட்டு ஒன்று மிதித்தால் நெட்டை. ஜல்லியில் இறங்கினால் புதுப் பூட்ஸ் வழுக்கியது. அவர் பின்னால் திரும்பாமலே சொன்னார்: "கட்டை சொல்ற மாதிரி கால வைங்க சார். நாம சொல்ற மாதிரி கட்டை வராது."

அவர் அதிகம் பேசமாட்டார். ஒரே ஒரு முறை, மழைக்கு ஒதுங்கிக் கேட் அறையில் உட்கார்ந்திருந்தபோது, 1956ஐப் பற்றிச் சொன்னார். நவம்பர் 23 விடியற்காலை, மருதையாற்று வெள்ளத்தில் பாலத்தருகே தூத்துக்குடி எக்ஸ்பிரஸ் கவிழ்ந்தது. நூற்றுக்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள், ரயில்வே அமைச்சராக இருந்த லால் பகதூர் சாஸ்திரி பதவி விலகினார். எனக்கு அது பொது அறிவுக் கேள்வி. அவருக்கு அப்போது 12 வயது, அவருடைய அப்பா கேங்மேன், அதாவது தண்டவாளப் பராமரிப்புக் கூட்டத்தில் ஒரு தொழிலாளி. "அப்பா மூணு நாள் வீட்டுக்கு வரல. வந்தப்போ அம்மா உள்ள விடல. கெணத்தடியிலயே தண்ணி ஊத்தி, துணிய அங்கயே கொளுத்திட்டாங்க." அவ்வளவுதான் சொன்னார். ஐப்பசி, கார்த்திகையில் மழை பிடித்துக்கொண்டால், டியூட்டி இல்லாத இரவிலும் அவர் குடையும் டார்ச்சுமாக ஓடைப் பாலம் வரை போய்த் தண்ணீர் எவ்வளவு ஏறியிருக்கிறது என்று பார்த்துவிட்டு வருவார் என்று கேங்கில் சொல்வார்கள். அதற்கு ஓவர்டைம் கேட்டதில்லை. கேட்டிருக்க வேண்டும் என்பது என் கட்சி.

மார்கழிக் குளிரில் இரும்பு சுருங்கும், வெல்டு விட்டுக்கொடுக்கும். அப்படி ஒரு காலையில் ஒரு வெல்டு பிளந்து கிடப்பதைப் பார்த்துவிட்டார். விதிப்படி பிளந்த இடத்திலிருந்து 600 மீட்டரில் ஒரு பட்டாசு, 1200 மீட்டரில் பத்துப் பத்து மீட்டர் தள்ளி மூன்று. புத்தகத்தில் அது ஒரு படம், அவருக்கு ஜல்லிமேல் ஓட்டம். 59 வயதில் ஓடிப் போய்க் கட்டிவிட்டுச் சிவப்புக் கொடியோடு நின்றார், வண்டியும் நின்றது. கிடைத்த சின்னப் பரிசுப் பணத்தில் கேங் முழுக்க டீயும் போண்டாவும் சாப்பிட்டோம். மிச்சம் இருந்ததா என்று தெரியவில்லை.

இத்தனைக்கும் நடுவில்தான் நான் அவருக்கு ஒரு மெமோ கொடுத்தேன்.

ஒன்பது மணிக்கு அவர் வந்து சேர வேண்டிய ஒரு லெவல் கிராசிங் உண்டு. தள்ளு டிராலியில் ஆய்வுக்குப் போனபோது மூன்று நாள் தொடர்ந்து ஒன்பது இருபதுக்குத்தான் வந்தார். நான் புது அதிகாரி, வயதானவர் என்று விட்டால் மற்றவர்களை எப்படிக் கேட்பது? எழுத்து மூலம் விளக்கம் கேட்டேன். மறுநாள் பதில் வந்தது: "தாமதம் ஆனது தவறு. இனி நடக்காது." கீழே கோணலான கையெழுத்து. அதற்கடுத்த நாளிலிருந்து மிகச் சரியாக ஒன்பது மணி. மெமோ என்றால் மெமோதான் என்று எனக்குக் கொஞ்சம் பெருமைகூட வந்தது.

இரண்டு மாதம் கழித்துக் கேட் கீப்பர் விஷயத்தை உடைத்தார். வழியில் ஒரு வளைவு. இரண்டு பக்கமும் கரை மேடு, வண்டி வருவது கண்ணுக்குத் தெரியாது. அங்கே ஒரு ஆயா தினமும் ஆடுகளை ஓட்டிக்கொண்டு லைனைக் கடப்பாள். காது சுத்தமாகக் கேட்காது, எவ்வளவு ஹாரன் அடித்தாலும் பயனில்லை. இவர் அங்கே நின்று, ஆடுகளோடு அவள் அந்தப் பக்கம் போய்ச் சேர்ந்ததும்தான் நகர்வார். அந்த இருபது நிமிடம் அது.

"அத அவரு மெமோல எழுதியிருக்கலாமே?"

"எழுதுனா ஆயா மேல கேஸு வரும் சார். இல்ல, முள்ளுவேலி போட்டு அடைப்பீங்க. கேட்டு வழியா சுத்துனா ரெண்டு கிலோமீட்டரு, அதுக்கு எங்க முடியும்?"

சட்டப்படி ஆயா அங்கே கடக்கவே கூடாது. அது சரிதான். அப்படியானால் இந்த இரண்டு மாதம் எப்படி ஒன்பது மணிக்கு வந்தார்? வீட்டிலிருந்து இருபது நிமிடம் முன்னாலேயே கிளம்பியிருக்கிறார்.

அவரிடம் நான் மன்னிப்புக் கேட்கவில்லை. அந்த வயதில் அந்த நாற்காலியிலிருந்து அது வரவில்லை. அடுத்த முறை பார்த்தபோது டீ வாங்கிக் கொடுத்தேன். குடித்துவிட்டு, "சர்க்கரை கம்மி" என்றார்.

2004இல் ஓய்வு பெற்றார். மாலை, சால்வை எல்லாம் பிறகு. அன்று மதியம் புதுக் கீமேனிடம் ஸ்பேனர், சுத்தியல், கொடி, பட்டாசு என்று ஒவ்வொன்றாக எண்ணி ஒப்படைத்தார். ரிஜிஸ்டரில் இருவரும் கையெழுத்துப் போட்ட பிறகு அந்தப் பையனைத் தனியே கூட்டிப்போய் ஏதோ சொன்னார். வளைவு இருக்கும் திசையில் கை நீண்டது. நான் பார்க்காத மாதிரி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

ஓய்வூதியத்துக்கான தாள்கள் என் மேஜை வழியாகத்தான் போயின. முப்பத்துச் சொச்சம் வருட சர்வீஸில் அவருக்கு எதிராக இருந்தது ஒரே ஒரு தாள், நான் கொடுத்தது. பின்னால் அந்த இரண்டு வரிப் பதில். கிழிக்க எனக்கு அதிகாரம் இல்லை. உண்மைக் காரணத்தை ஓரத்தில் ஒரு குறிப்பாக எழுதலாமா என்று பேனாவைத் திறந்தேன். எழுதினால் ஆயாவைப் பற்றி எழுத வேண்டும். அவள் அப்போதும் ஆடு மேய்த்துக்கொண்டுதான் இருந்தாள்.

பேனாவை மூடிவிட்டு அடுத்த பக்கத்தைப் புரட்டினேன்.