லோங்காங் ஓரத்து சார்

நேற்று மலேசியாவில் எங்கள் ஊர்த் தோட்ட வீட்டு வரிசையான மேட்டு லயத்தில் பதினோரு வாளியும் நாலு பூச்சாடியும் ஒரு தாமரைத் தொட்டியும் கவிழ்ந்ததற்கு நான்தான் காரணம் என்று யாராவது வந்து சொன்னால் நம்பாதீர்கள். நான் பாட்டுக்கு முட்டி போட்டு உட்கார்ந்திருந்தேன், அவ்வளவுதான்.

எல்லாம் அந்த ஆரஞ்சுக்காரனால் வந்தது. முட்டிக்கு ஊசி போட்ட பிறகு டாக்டர் நடக்கச் சொன்னதும், மகன் பழைய கேமராவை என் தலையில் கட்டிவிட்டுப் போனதும், அதிலிருந்து எனக்குத் தட்டான்பூச்சிப் பைத்தியம் பிடித்ததும் தனிக் கதை. பறவை பார்க்கலாமே என்று மச்சான் கேட்டார். பறவைக்கு விடியற்காலையில் எழ வேண்டும். தட்டான் வெயில் ஏறிய பிறகுதான் வேலைக்குக் கிளம்பும், என்னை மாதிரி.

சின்ன வயதில் வாலில் நூல் கட்டிப் பறக்க விட்டபோது யாரும் அதன் பெயரைக் கேட்டதில்லை. இப்போது பெயர் தெரியாவிட்டால் தூக்கம் வரமாட்டேன் என்கிறது. இறக்கை கிட்டத்தட்ட முழுக்கத் துரு நிறமாக இருந்தால் நியூரோதெமிஸ், அது வேலிக்கம்பி கண்ட இடமெல்லாம் உட்கார்ந்திருக்கும். இறக்கை கண்ணாடியாகவும் உடம்பு பழுத்த மிளகாயாகவும் இருந்தால் குரோக்கோதெமிஸ். செம்பனைக் காட்டை ஒட்டிய லோங்காங்கில், அதாவது சாக்கடை வாய்க்காலில், திரிகிற இந்த ஆரஞ்சுக்காரன் இரண்டிலும் சேரவில்லை. இறக்கையின் அடியிலிருந்து பாதிக்கு மேல் ஆரஞ்சு, நுனி மட்டும் கண்ணாடி, நுனிக்குச் சற்று முன்னால் செங்கல் நிறத்தில் பொடிக் கோடு ஒன்று. அந்தக் கோடு படத்தில் தெளிவாக விழ வேண்டுமென்றால் முட்டி போட்டே ஆக வேண்டும். ஊசி போட்ட அதே முட்டி.

கடைசியில் ஆள் யாரென்று பிடித்துவிட்டேன், பிராக்கிதெமிஸ் கொன்டமினாத்தா. 1793ல் டென்மார்க்காரர் ஃபாப்ரிசியஸ் வைத்த பெயர், லத்தீனில் கறைபட்டது என்று பொருள், இறக்கையைப் பார்த்துத்தான் வைத்திருப்பார். மலாயில் 'தொங்கும் கம்பு' என்று பொருள், பத்தாங் பெர்ஜுந்தை என்று கூப்பிட ஒரு மாதிரி இருக்கிறது என்று 2007ல் எங்கள் ஊர்ப் பெயரையே மாற்றினார்கள், இவனுக்கு மட்டும் பழைய பெயரே ஓடிக்கொண்டிருக்கிறது. ஆங்கிலத்தில் பரவாயில்லை, டிட்ச் ஜுவல் என்கிறார்கள். நம் பாஷையில் லோங்காங் மாணிக்கம்.

இதில் ஒரு மானக்கேடும் உண்டு. மாணிக்கத்துக்குப் பக்கத்திலேயே வெளிறிய மஞ்சளில், இறக்கையில் நிறமே இல்லாமல் ஒன்று உட்கார்ந்திருக்கும். அதை வேறு இனம் என்று ஒரு வாரமாக நோட்டில் தனியாக எழுதி வந்தேன். அது அவனுடைய சம்சாரமாம். வீட்டுக்காரியிடம் சொன்னேன். "முப்பது வருஷம் பக்கத்துலயே இருந்தாலும் உங்களுக்கு அடையாளம் தெரியாது" என்று சொல்லிவிட்டு வெங்காயம் நறுக்கப் போய்விட்டாள்.

சரி, நேற்றைய விஷயத்துக்கு வருகிறேன். தலையில் தொப்பி, பசார் மாலாம் என்கிற இரவுச் சந்தையில் வாங்கிய பத்துப் பாக்கெட் சட்டை, கையில் டார்ச், கழுத்தில் கேமரா. லோங்காங்கைக் குனிந்து பார்ப்பதும் நோட்டில் எழுதுவதுமாக இருந்தேன். இடம் மறந்துவிடக் கூடாதே என்று எதிரில் இருக்கும் வீட்டு நம்பரையும் சேர்த்து எழுதுவது என் வழக்கம். இந்தக் கோலத்தில் ஒருவன் வீட்டு நம்பரைக் குறித்துக்கொண்டே வந்தால் லயத்தில் என்ன நினைப்பார்கள்? டிங்கிக் காலம் வேறு. கொசுப்புழு கண்டால் 500 வெள்ளி சம்மன் என்பது கைக்குழந்தைக்கும் தெரியும்.

முதலில் எங்கோ ஒரு வாளி கவிழ்கிற சத்தம் கேட்டது. அப்புறம் இன்னொன்று. அப்புறம் தீபாவளிச் சரவெடி மாதிரி வரிசையாக. கப்சாய் மோட்டார் சைக்கிளில் வந்த ஒரு பையன் மட்டும் பயப்படாமல் நோட்டை எட்டிப் பார்த்தான். '2 ஆண், 1 பெண், வீடு 47' என்று இருந்தது. "அண்ணே, 2147ஆ?" என்று கேட்டுவிட்டு நேரே லாட்டரி நம்பர் கடைக்குப் போனான். விழுந்தால் எனக்கும் பங்கு உண்டாம்.

நாற்பத்தேழாம் வீட்டு ஆயா தாமரைத் தொட்டியைச் சாய்த்துக்கொண்டிருந்ததை அப்போதுதான் கவனித்தேன். இரண்டு பெரிய மொட்டு இருந்தது. "ஆயா, ஊத்தாதீங்க!" என்று கத்தினேன். ஆயாவுக்குக் காது கொஞ்சம் மந்தம். "ஊத்திட்டேன் சார், மொத்தமா ஊத்திட்டேன்!"

தண்ணீர் வடிந்த சிமெண்டில் சேற்று நிறத்தில் ஒன்று நெளிந்தது. ஆறு கால், முதுகில் இறக்கை முளைக்கப் போகும் சின்னச் சின்ன உறைகள், முகத்துக்குக் கீழே மடித்து வைத்த கரண்டி மாதிரி ஒரு உதடு. அந்த உதட்டைச் சட்டென்று எட்ட வீசித்தான் இரையைப் பிடிக்கும். தட்டான் குஞ்சு. மாணிக்கத்தின் பிள்ளையோ வேறு யார் வீட்டுப் பிள்ளையோ. இது கொசுப்புழுவைத் தின்று வளர்கிறது, பின்பக்கத்தால் மூச்சு விடுகிறது, பயந்தால் அங்கிருந்தே தண்ணீரைப் பீய்ச்சிக்கொண்டு பாய்கிறது என்றெல்லாம் ஆயாவின் காதருகில் போய் விளக்கினேன். ஆயா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். சிரித்து முடித்துவிட்டுக் கேட்டார்:

"அப்போ நீ சம்மன் போடுற சார் இல்லையா?"

இல்லை என்றேன். அதற்குப் பிறகு ஆயா சொன்னதை இங்கே எழுத முடியாது. தாமரையை எங்கிருந்து கொண்டுவந்தார், எத்தனை மாதம் வளர்த்தார், என்னைப் பெற்றவள் என்னை எப்படி வளர்த்திருக்கிறாள், எல்லாம் வந்தது. ஆனால் திட்டிக்கொண்டே உள்ளே போய் ஒரு ஐஸ்கிரீம் டப்பாவில் தண்ணீரோடு வந்தார், அந்தக் குஞ்சைத் தன் கையாலேயே எடுத்து அதில் விட்டார். "நீதான் கெடுத்தே, நீயே வச்சு ஆளாக்கு. இறக்கை மொளைச்சதும் கொண்டாந்து காட்டணும்."

இப்போது டப்பா என் சமையலறை ஜன்னலில் இருக்கிறது. ஜீவன் செத்ததைத் தொடாது, கண்ணுக்கு முன்னால் நெளிந்தால்தான் தின்னும். அதனால் இன்று காலை அதே தொப்பியோடு, ஒரு சின்னப் பாட்டிலை ஏந்திக்கொண்டு, மேட்டு லயத்தில் ஆறு வீடு ஏறி இறங்கி, கொசுப்புழு இருக்கிறதா, நாலே நாலு இருந்தால்கூடப் போதும் என்று கேட்டுப் பார்த்தேன்.

"சத்தியமா இல்லைங்க சார்."