தடைக்காலத்தில் தொழிலாளிகளின் வேலையை நேரில் பார்க்கப் போகிறோம்

ஏப்ரல் 17

மீன்பிடித் தடைக்காலம் தொடங்கிவிட்டது. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகள் கடலுக்குப் போகாது. பிள்ளைகளுக்கும் இதுதான் பெரிய லீவு. அடுத்து என்ன தொழில் படிப்பது என்று அவர்களே முடிவு செய்ய, வேலை நடக்கிற இடத்துக்கே அனுப்பிப் பார்க்க வைக்கிறோம். மற்ற மாதங்களில் சென்னை காசிமேடு மீன்பிடித் துறைமுகத்துக்குப் போனால் ஏலத்தையும் ஐஸ் பெட்டியையும்தான் பார்க்க முடியும், யாருக்கும் பேச நேரமிருக்காது. இப்போது படகு கரையேறி நிற்கும். தச்சர் பலகை மாற்றுவார், மெக்கானிக் இன்ஜினைப் பிரித்துப் போட்டிருப்பார், பெயின்டர் அடிப்பக்கத்தைச் சுரண்டுவார், வலை சரிசெய்கிறவர்கள் நிழலில் உட்கார்ந்திருப்பார்கள்.

ஒரு தொழிலாளியிடம் மூன்று, நான்கு பேருக்கு மேல் அனுப்ப வேண்டாம். கூட்டமாகப் போனால் பின்னால் நிற்பவர்களுக்கு முன்னால் நிற்பவர் முதுகுதான் தெரியும். காலை ஏழிலிருந்து மதியச் சாப்பாடு வரை ஒரே ஆளோடு இருக்க வேண்டும். பதினோரு மணி வெயிலில் சுரண்டுகிறவர் கையைப் பார்த்தால்தான் அந்த வேலை என்னவென்று பிடிபடும்.

ஏப்ரல் 24

"வேலை பிடிச்சிருக்காண்ணே?" என்று கேட்டால் "பரவால்லப்பா" என்றுதான் பதில் வரும். இப்படிக் கேட்கச் சொல்கிறோம்: சேர்ந்த புதுசுல என்ன வேலை குடுத்தாங்க? மாசத்துல எத்தனை நாள் வேலை இருக்கும்? உடம்புல எங்க வலிக்குது? புதுசா வர்ற ஹெல்பருக்கு நாள் கூலி என்ன? கடைசியாக, உங்க பசங்கள இதுக்கு விடுவீங்களா? நீளமான பதில் வருவது கடைசிக் கேள்விக்குத்தான். அன்று சாயங்காலமே நோட்டில் எழுதிவிட வேண்டும், மறுநாள் பாதி மறந்துவிடும்.

மே 3

வெல்டிங். 18 வயதுக்குக் கீழே உள்ளவர்களை ஆபத்தான வேலையில் ஈடுபடுத்தச் சட்டம் அனுமதிக்காது. அதனால் தெருப் பட்டறையில் வேடிக்கை மட்டும்தான். கையால் செய்துபார்க்கப் பயிற்சி நிலையப் பட்டறைதான் சரி, இன்ஸ்ட்ரக்டர் பக்கத்திலேயே நிற்க வேண்டும்.

6 மி.மீ. இரும்புத் தகடு, 3.15 மி.மீ. 6013 வகை வெல்டிங் ராடு, மெஷினில் 100 முதல் 120 ஆம்பியர். தோல் கையுறை, ஏப்ரன், ஷூ. பருத்திச் சட்டைதான் போட வேண்டும், நைலான் டி-ஷர்ட் பொறி பட்டால் உருகித் தோலில் ஒட்டும். முகமூடியில் 10 அல்லது 11 ஷேடு (கருமை அளவு) கண்ணாடி. பக்கத்தில் நின்று பார்ப்பவருக்கும் கண்ணாடி கட்டாயம், இல்லையென்றால் ராத்திரி கண்ணில் மண்ணை அள்ளிப் போட்டதுபோல உறுத்தும்.

முதல் ராடு அநேகமாகத் தகட்டில் ஒட்டிக்கொள்ளும். ஆம்பியர் குறைவாக இருக்கும், அல்லது பயத்தில் ராடை அழுத்தியிருப்பார்கள். ராடு முனைக்கும் தகட்டுக்கும் நடுவே ராடின் கனம் அளவுக்கே இடைவெளி இருக்க வேண்டும். ஆம்பியர் கூடினால் பற்றின் (உருகி உறைந்த கோட்டின்) ஓரத்தில் பள்ளம் விழும், இதற்கு அண்டர்கட் என்று பெயர். பற்று நேராக வந்ததா என்று நாங்கள் பார்ப்பதில்லை. பற்றின் மேல் படிந்த கசடைத் தட்டிவிட்டுத் தானாகவே குனிந்து பார்த்து, "இன்னொரு ராடு குடுங்க சார்" என்று கேட்கிற பிள்ளையைத்தான் குறித்துக்கொள்கிறோம்.

மே 17

இனி சேர்க்கைப் பேச்சு. ஐ.டி.ஐ. என்கிற தொழிற்பயிற்சி நிலையத்தில் வெல்டர் ஒரு வருஷம், எட்டாவது போதும். ஃபிட்டர், எலெக்ட்ரீஷியன் இரண்டு வருஷம், பத்தாவது வேண்டும். பத்தாவது முடித்து இரண்டு வருஷப் பிரிவு படித்தவர் பாலிடெக்னிக்கில் நேராக இரண்டாம் ஆண்டில் சேரலாம். ஒரு வருஷ வெல்டருக்கு அந்த வழி இல்லை. சீக்கிரம் சம்பாதிக்க வேண்டும் என்று வெல்டரை எடுப்பது தப்பில்லை, ஆனால் இதைத் தெரிந்து எடுக்க வேண்டும்.

பெரம்பூர் ஐ.சி.எஃப். (ரயில் பெட்டித் தொழிற்சாலை) அப்ரென்டிஸ், அதாவது தொழில் பழகுநர் அறிவிப்பை வீட்டில் அரசு வேலை என்று நினைத்துவிடுகிறார்கள். 1961 அப்ரென்டிஸ் சட்டப்படி அது பயிற்சி ஒப்பந்தம். முடித்ததும் அங்கேயே வேலை என்ற உறுதி இல்லை. புரோக்கருக்குப் பணம் கொடுப்பது வீண்.

ஆதாரில் ஒரு இனிஷியல், மார்க்‌ஷீட்டில் வேறு என்றால் உதவித்தொகை நின்றுபோகும். இப்போதே திருத்துங்கள்.

மே 29

ராயபுரம், தண்டையார்பேட்டைப் பையன்கள் கேட்பது கப்பல் வேலை. பணம் கட்டும் முன்னால் நிறக்குருடு சோதனை செய்துகொள்ள வேண்டும். சிவப்பு, பச்சை பிரித்துத் தெரியாவிட்டால் டெக் (கப்பல் மேல்தள) வேலை கிடையாது, ரயில் ஓட்டுநர் வேலையும் கிடையாது. எழும்பூர் அரசு கண் மருத்துவமனைக்கு ஒரு நடை போனால் தெரிந்துவிடும். பயிற்சி நிலையம் கப்பல் போக்குவரத்து இயக்குநரகத்தின் பட்டியலில் இருக்கிறதா, ஆள் எடுக்கும் ஏஜென்சிக்கு ஆர்.பி.எஸ்.எல். என்கிற, கப்பலுக்கு ஆள் சேர்க்கும் உரிமம் இருக்கிறதா என்று இரண்டையும் பார்க்க வேண்டும். வேலை வாங்கித் தருகிறேன் என்று லட்சக்கணக்கில் கேட்பவரிடம் உட்காரவே வேண்டாம்.

ஜூன் 8

பெண் பிள்ளை எலெக்ட்ரீஷியன் என்று சொன்னதும் வீட்டில் தயங்குகிறார்கள். அந்தத் தயக்கத்துக்குப் பேச்சு மருந்தாகாது. அம்மாவையே ஒரு நாள் பட்டறைக்கு அழைத்துப்போய்க் கழிப்பறை எங்கே, பயிற்சி எத்தனை மணிக்கு முடிகிறது, திரும்பி வர எந்த பஸ் என்று காட்ட வேண்டும். அப்படியே இன்னொன்றையும் சொல்கிறோம்: அரசு ஐ.டி.ஐ.யில் பெண்களுக்கு உச்ச வயது வரம்பு இல்லை, அம்மாவும் விண்ணப்பம் போடலாம்.