ஹார்லிக்ஸ் பாட்டிலில் ஓரியூர் மண்

எங்கள் வீட்டில் யாருக்காவது காய்ச்சல் என்றால் மாத்திரைக்கு முன்னால் மண் வரும். அம்மா ஒரு பழைய ஹார்லிக்ஸ் பாட்டிலில், ராமநாதபுரம் பக்கம் இருக்கிற ஓரியூர் கோயில் செம்மண்ணைப் போட்டு, மாதா சுரூபத்துக்குப் பின்னால் வைத்திருந்தாள். ஒரு சிட்டிகை எடுத்துத் தண்ணீரில் குழைத்து நெற்றியில் பூசி, "அருளானந்த சாமி பாத்துக்குவாரு" என்பாள். அப்புறம்தான் டாக்டர். காலேஜ் படிக்கும்போது இதை எவ்வளவு கிண்டல் செய்தேன் என்று நினைத்தால் இப்போது கூச்சமாக இருக்கிறது.

அம்மா போன பிறகு எனக்குத் தூக்கம் போய்விட்டது. ராத்திரி 3 மணிக்கு டாண் என்று விழிப்பு வரும், நெஞ்சு படபடவென்று அடிக்கும், அண்ணன் போனை எடுக்கவில்லையா, மகன் ஸ்கூல் விட்டு 10 நிமிஷம் லேட்டா, உடனே யாரோ செத்துப்போன மாதிரியே மனசு கிடந்து தவிக்கும். டாக்டரிடம் போனேன், மாத்திரை கொடுத்தார், கொஞ்சம் உதவியது, அதை மறைக்க வேண்டியதில்லை. ஆனால் பயம் அடியில் அப்படியே உட்கார்ந்திருந்தது. ஒரு நாள் அந்த நேரத்தில் எழுந்து பாட்டிலைத் தேடி எடுத்தேன். காலி. மூடியின் வளையத்தில் கொஞ்சம் சிவப்பு ஒட்டியிருந்தது, அவ்வளவுதான்.

சரி, நாமே போய் எடுத்து வருவோம் என்று கிளம்பினேன். காரைக்குடி வரை ரயில், அப்புறம் தேவகோட்டை, திருவாடானை என்று பஸ் மாறி மாறி. வழியெல்லாம் சீமைக்கருவேலம், வற்றிக் கிடக்கிற கண்மாய், நடுவில் ஒற்றைப் பனை. ஜன்னலோரம் உட்கார்ந்து அம்மா இதே வழியில் எத்தனை தடவை வந்திருப்பாள் என்று எண்ணிக்கொண்டே வந்தேன்.

ஓரியூர் கதை உங்களில் பலருக்குத் தெரிந்திருக்கும். லிஸ்பனில் 1647-ல் பிறந்த ஜான் டி பிரிட்டோ, சேசு சபை என்கிற கத்தோலிக்கத் துறவற சபையின் சாமியாராக 1673-ல் இந்தியாவுக்கு வந்து, காவி உடுத்தி, இறைச்சியை விட்டு, நம்மூர்த் துறவி மாதிரி பண்டாரசாமியாக மறவர் சீமையில் ஊர் ஊராக நடந்தவர், நம் ஜனங்களுக்கு அருளானந்தர். 1686-ல் பிடித்துச் சித்திரவதை செய்து, அப்புறம் விடுவித்தார்கள். ஐரோப்பாவுக்குப் போனவரை போர்ச்சுகல் ராஜா அங்கேயே இருக்கச் சொல்லியும் கேட்காமல் திரும்பி வந்தார். மறவர் சீமை இளவரசர் தடியத்தேவர் ஞானஸ்நானம் பெற்று, ஒரு மனைவியை மட்டும் வைத்துக்கொண்டு மற்றவர்களை அனுப்பிவிட, அதில் ஒருத்தி ராமநாதபுரம் ராஜா கிழவன் சேதுபதிக்கு உறவு. வினை அங்கே ஆரம்பித்தது. 1693 பிப்ரவரி 4, தவக்காலம் தொடங்குகிற சாம்பல் புதன் அன்று இந்த மண்ணில்தான் அவரை வெட்டினார்கள். அவர் ரத்தம் பட்டுத்தான் மண் சிவந்தது என்பது ஜனங்களின் நம்பிக்கை. 1947-ல் புனிதர் பட்டம் கொடுத்தார்கள்.

எனக்கு இதிலெல்லாம் பெரிதாகப் பட்டது அவருடைய தாய். பிரிட்டோ சின்னப் பையனாக இருக்கும்போது சாகக் கிடந்தாராம். புனித சவேரியாருக்கு நேர்ந்துகொண்டு, பிள்ளை பிழைத்ததும் சேசு சபை அங்கியை ஒரு வருஷம் உடுத்திவிட்டாள் அந்த அம்மா. அங்கே அங்கி, எங்கள் வீட்டில் மண். பிள்ளைக்கு ஒன்று என்றால் கையில் கிடைத்ததைப் பிடித்துக்கொண்டு சாமியிடம் ஓடுகிற அதே ஓட்டம். மகன் வெட்டுப்பட்ட சேதி லிஸ்பனுக்குப் போனபோது துக்க உடை போடாமல் திருவிழா உடையில் வந்தாளாம். அது என்ன மனசோ! என்னால் முடியாது, எனக்கு அது வேண்டவும் வேண்டாம்.

கோயிலுக்குள் முழங்காலில் நின்றேன். ஜெபமாலையில் இரண்டாவது பத்தைத் தாண்ட முடியவில்லை, அழுகை வந்துவிட்டது, சத்தமாகவே. பக்கத்தில் நெற்றி நிறைய விபூதியோடு ஒரு பாட்டி, பேரனுக்கு மொட்டை போட வந்தவள். வேண்டுதல் என்றால் இங்கே எல்லா ஜனமும் வரும், மொட்டையும் உண்டு, கிடா வெட்டும் உண்டு. என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு, "அழுகணும்னா அழுதுக்க ஆத்தா, இங்க யாரும் எதுவும் கேக்க மாட்டாக" என்றாள். நிஜமாகவே யாரும் கேட்கவில்லை. அம்மா செத்த வீட்டில்கூட வந்தவர்களுக்குக் காப்பி போட்டுக்கொண்டிருந்த எனக்கு, அழுவதற்கென்று ஒரு இடம் அன்றைக்குத்தான் கிடைத்தது. ஆண்டவரிடம் ஒன்றும் கேட்கத் தோன்றவில்லை. அவர் இருக்கிறார், நான் அழுகிறேன், அவ்வளவுதான் ஜெபம். அதற்கப்புறம் வெளியே நிழலில் சேலைத் தலைப்பை விரித்துப் படுத்தவள், வெயில் முகத்தில் விழுந்துதான் எழுந்தேன். பகலில் நான் அப்படித் தூங்கி எத்தனை மாதம் ஆயிற்றோ தெரியாது.

பாட்டிலில் கழுத்து வரை மண் அள்ளிக்கொண்டேன்.

வீட்டுக்கு வந்த அன்றே ராத்திரி 3 மணிக்கு விழிப்பு வந்தது. அதே படபடப்பு. நெஞ்சில் கை வைத்துக் கொஞ்ச நேரம் கிடந்தேன், அப்புறம் எழுந்துபோய் ஒரு சிட்டிகை மண்ணைக் குழைத்து நெற்றியில் பூசி, அம்மா சொல்வதை அப்படியே சொல்லிவிட்டுப் படுத்தேன். எப்போது தூங்கினேன் என்று தெரியவில்லை. காலையில் பார்த்தால் தலையணை உறையெல்லாம் செம்மண். அம்மா இருந்திருந்தால் திட்டியிருப்பாள், அந்தக் கறை லேசில் போகாது.