மார்கழிக் குளிரில் கவிதை வாசிப்பும் ஓவியக் காட்சியும்: மலைநாட்டில் நடத்துவோருக்கு

இலங்கையின் மலைநாட்டில் டிசம்பர் விடுமுறையில் கவிதை வாசிப்பும் ஓவியக் காட்சியும் சேர்த்து நடத்த நினைப்பவர்கள் முதலில் மாலை நேரத்தை மறந்துவிடுங்கள். கொழும்பில் கவியரங்கு என்றால் மாலை ஐந்து மணி. இங்கே ஐந்து மணிக்குப் பனிமூட்டம் மண்டபத்துக்குள் நுழைந்துவிடும். தோட்டப் பாதையில் ஓடும் பஸ் அதற்கு முன்பே போயிருக்கும். ஆறு மணிக்கெல்லாம் இருட்டு. பஸ்ஸை விட்டு இறங்கி மலையேறி லயத்துக்கு, அதாவது தோட்டத்து வரிசை வீடுகளுக்கு, நடக்கவேண்டியவர்கள் கடைசிக் கவிதைவரை எப்படி இருப்பார்கள்? காலை பத்து மணிக்குத் தொடங்கிப் பிற்பகல் இரண்டரைக்கு முடிவதுதான் இந்த மண்ணுக்குச் சரி. மற்ற எல்லா ஏற்பாடும் அந்த நாலரை மணி நேரத்துக்குள் அடங்கவேண்டும்.

நாள் தேர்வும் லேசான காரியமில்லை. தோட்டத்தில் வேலை செய்பவர்களுக்குக் கையில் இருப்பது ஞாயிறும், போயா எனும் பௌர்ணமி விடுமுறையும். டிசம்பரில் வரும் உந்துவப் போயாவை விட்டுவிடுங்கள். சிவனொளிபாதமலை யாத்திரைக் காலம் அன்று தொடங்குகிறது. அட்டன், மஸ்கெலியாப் பக்கத்து வேன்களெல்லாம் அந்த மலையடிவாரத்து நல்லதண்ணிக்குத் திரும்பிவிடும். நத்தாருக்கு முந்திய ஞாயிறும் உதவாது. கொழும்புக் கடைகளில் வேலை செய்யும் பிள்ளைகள் நத்தார் வியாபாரம் முடியாமல் ஊருக்கு வரமாட்டார்கள். எழுதுகிறவர்களும் வரைகிறவர்களும் அவர்களில் நிறையப்பேர். 25ஆம் திகதிக்கும் வருட முடிவுக்கும் இடையில் வரும் ஞாயிறுதான் நல்ல நாள். கோயில் மண்டபம் என்றால் திருவெம்பாவைப் பூசை எந்த நாட்களில் வருகிறது என்று பஞ்சாங்கத்தில் பார்த்துக்கொள்ளுங்கள். பாடசாலை மண்டபம் என்றால் அது பரீட்சை நிலையமாகிறதா என்று அதிபரிடம் முன்கூட்டியே கேட்கவேண்டும்.

மழையும் இடத்துக்கு இடம் வேறு. பதுளை, பண்டாரவளை, அப்புத்தளைப் பக்கத்துக்கு டிசம்பர் வடகீழ்ப் பருவமழைக் காலம். அட்டன், தலவாக்கலைப் பக்கத்தில் மழை அதைவிடக் குறைவு, ஆனால் விடியற்காலைக் குளிரும் பனியும் கடுமை. 1,868 மீற்றர் உயரத்தில் இருக்கும் நுவரெலியாவில் இன்னும் மோசம். எங்கே நடத்தினாலும் தகரக் கூரை ஒன்றுதான்: மழை அடித்துப் பெய்தால் ஒலிபெருக்கி இருந்தாலும் கவிதை கேட்காது. ஆகவே வாசிப்பை ஒரே மூச்சில் வைக்காமல் மூன்று சுற்றாகப் பிரியுங்கள். ஒரு சுற்றுக்கு நாலு பேர், ஆளுக்கு ஐந்து நிமிடம், அறிமுகத்தோடு மொத்தம் 25 நிமிடம். சுற்றுகளுக்கு இடையில் 40 நிமிடம் ஓவியம் பார்க்க. மழை பிடித்தால் வாசிப்பை அங்கேயே நிறுத்திச் சனத்தை ஓவியங்களின் பக்கம் அனுப்பலாம், விட்டதும் திரும்பக் கூப்பிடலாம். மழைச் சத்தத்துக்கு மேலே கத்தி வாசிக்கவைப்பது கவிஞருக்குச் செய்யும் அநியாயம்.

ஓவியங்களுக்கு இங்கே பெரிய எதிரி ஈரம். மழையில் நனைவதை எல்லோரும் கவனிப்பார்கள். காற்றில் இருக்கும் ஈரம் செய்வதைத்தான் கவனிக்கமாட்டார்கள். இரவு முழுக்கக் குளிர்ந்த மண்டபத்தில் காலையில் நூறு பேர் கூடி மூச்சுவிடும்போது அந்த ஈரம் முதலில் போய்ப் படிவது குளிர்ந்த பொருட்களில்: படத்தின் கண்ணாடியில், கூரைத் தகரத்தின் அடிப்பக்கத்தில். தகரத்தில் கோத்த நீர் சரிவு வழியே வழிந்து, குறுக்குச் சட்டங்களில் தட்டிச் சொட்டும். அந்தச் சட்டங்களுக்கு நேர் கீழே எந்தப் படமும் இருக்கக்கூடாது. வெயில் ஏறிய பிறகு, ஒன்பது மணிபோல, இரண்டு பக்க யன்னல்களையும் திறந்துவிடுங்கள். காற்றோட்டம் இருக்கும்வரை ஈரம் கோக்காது. பனிமூட்டம் இறங்கத் தொடங்கியதும் சாத்துங்கள்.

கண்ணாடி போட்ட சட்டத்தைக் கூடியவரை தவிர்ப்பது நல்லது. கண்ணாடியோடு ஒட்டிக் கிடக்கும் தாளில் ஈரம் பட்டால் நிறம் கண்ணாடியில் பிடித்துக்கொள்ளும், பிரித்தெடுக்க முடியாது. கண்ணாடி வேண்டுமென்றே கேட்டால், தாளுக்கும் கண்ணாடிக்கும் இடையில் இரண்டு மில்லிமீற்றர் தடிப்பான மட்டை விளிம்பு வைக்கச் சொல்லுங்கள். நீர்வர்ணத்துக்குச் சாதாரண வரைதாள் போதாது. 300 ஜி.எஸ்.எம். (சதுர மீற்றருக்கு 300 கிராம்) தாள் அலையலையாக எழும்புவது குறைவு. அதையும் நாலு பக்கமும் பசை தடவி ஒட்டிவிடக்கூடாது. தாள் ஈரத்தில் விரியும், வெயிலில் சுருங்கும். நாலு பக்கமும் பிடித்துவைத்தால் நடுவில் வீங்கும், இல்லையென்றால் கிழியும். மேல் விளிம்பில் மட்டும் இரண்டு இடத்தில் தாள்ப்பட்டி வைத்து ஒட்டினால் கீழ்ப்பக்கம் சுதந்திரமாகத் தொங்கும். மாப்பசை காய்ச்சி ஒட்டுவதென்றால் காட்சிக்கு முதல் நாள் காய்ச்சுங்கள். இந்த ஈரத்தில் சில நாளில் பூசணம் பிடிக்கும், கரப்பானும் வரும். செலோடேப் வேண்டவே வேண்டாம். குளிர்ந்த சுவரில் அது பிடிக்காது, பிடித்த இடத்தில் மஞ்சள் கறை விடும்.

அக்ரிலிக்கில் வரைபவர்கள் இரவில் வெளித் திண்ணையில் வரையக்கூடாது. பத்துப் பாகை செல்சியஸுக்குக் கீழே அந்த நிறம் ஒழுங்காக ஒன்றுசேர்ந்து படலமாகாது. காய்ந்ததுபோல் தெரிந்தாலும் பிறகு வெடிக்கும். காய்ந்த அக்ரிலிக்கிலும் லேசான பிசுபிசுப்பு இருக்கும் என்பதால் முகத்தோடு முகம் அடுக்கக்கூடாது, பொலித்தீன் சுற்றியும் வைக்கக்கூடாது. பேக்கரியில் தட்டுக்கு விரிக்கும் எண்ணெய்த்தாளை இடையில் வைத்தால் ஒட்டாது. எண்ணெய் வர்ணம் குளிரில் இன்னும் மெதுவாகவே காயும். டிசம்பர் காட்சிக்கான எண்ணெய் ஓவியத்தை ஒக்டோபரிலேயே முடித்துவிடுவது பாதுகாப்பு. கரித்துண்டு ஓவியத்துக்கு மேலே பிளாஸ்டிக் தாள் போர்த்தினால், அதிலுள்ள நிலைமின்சாரம் கரித்தூளை இழுத்துக்கொள்ளும்.

தொங்கவிடுவது எதில்? பழைய மண்டபச் சுவரில் ஆணி அடித்தால் சாந்து கொட்டும், கோயில் கமிட்டியும் விடாது. சுவரே ஈரம் கசியும். மூங்கில் கால்கள் நட்டு, ஆறடி உயரத்தில் குறுக்கு மூங்கில் கட்டி, பின்னால் சுத்தமான கோணிச் சாக்கை இழுத்துத் தைத்தால் மலிவான, கண்ணுக்கும் இதமான பின்னணி கிடைக்கும். சாக்கைக் கழுவி இரண்டு நாள் வெயிலில் காயப்போட்ட பிறகே பாவிக்கவேண்டும்; தேயிலைத்தூளோ உரமோ ஒட்டியிருந்தால் ஈரத்தில் கறை இறங்கும். தாங்கிகளைச் சுவரிலிருந்து ஓரடி தள்ளி வையுங்கள். கால்களை மணல் நிரப்பிய பெயின்ட் வாளிகளில் இறக்கினால் தரையை உடைக்கவேண்டியதில்லை, பிள்ளைகள் இடித்தாலும் சாயாது.

படத்தின் நடுப்புள்ளி தரையிலிருந்து 145 செ.மீ. உயரத்தில் வரவேண்டும். பெரிய படம், சிறிய படம் எல்லாவற்றுக்கும் அதே நடுக்கோடு. கணக்கு இப்படி: படத்தின் உயரம் 60 செ.மீ. என்றால் பாதி 30; அதோடு 145 சேர்த்தால் மேல் விளிம்பு 175. பின்னால் கட்டிய கயிற்றை நடுவில் இழுத்துப் பிடித்தால் மேல் விளிம்புக்கு 8 செ.மீ. கீழே நிற்கிறது என்றால் கொக்கி 167இல். கண்மதிப்பில் தொங்கவிட்டால் வரிசை கோணலாகி, பார்ப்பவர் கண் படத்தைவிட்டுக் கோணலையே பார்க்கும். படத்துக்குப் படம் 25 செ.மீ. இடைவெளி விடுங்கள். சிறுவர் வரைந்தவற்றைத் தனி வரிசையாக 110 செ.மீ. உயரத்தில் வைப்பது நல்லது. அவற்றை ஆசையோடு பார்க்க வருவது அந்த வயதுப் பிள்ளைகள்தான்.

படத்துக்குப் பக்கத்தில் வைக்கும் விபரத்தாளில் தலைப்பு, எதனால் வரைந்தது, வருடம், வரைந்தவர் பெயர், ஊர் அல்லது தோட்டத்தின் பெயர் இருக்கட்டும். தோட்டத்தின் பெயரோடு டிவிசனையும் (தோட்டத்தின் உட்பிரிவு) போடுங்கள். வந்தவர்கள் தங்கள் டிவிசன் பெயரைத் தேடித்தேடிப் பார்ப்பார்கள். எழுத்து 18 புள்ளிக்குக் குறையக்கூடாது. லேசர் அச்சில் எடுங்கள். மை தெளிக்கும் பிரின்டரில் எடுத்தால் மதியத்துக்குள் எழுத்து கரைந்து பரவும்.

வெளிச்சத்துக்கு ஊர்க்கடைகளில் அதிகம் கிடைப்பது 6500 கெல்வின் எல்.ஈ.டி. குமிழ். பனிமூட்ட நாளில் அது முகங்களையும் படங்களையும் நீலமாக்கிவிடும். 3000 அல்லது 4000 என்று பெட்டியில் போட்டிருப்பதைத் தேடி வாங்குங்கள். மேலிருந்து, செங்குத்துக் கோட்டுக்குச் சுமார் 30 பாகை சரிவில் விழும்படி வைத்தால் பளபளப்புக் கண்ணில் அடிக்காது. குத்துவிளக்கைச் சாக்கிலிருந்தும் படங்களிலிருந்தும் குறைந்தது இரண்டு மீற்றர் தள்ளி ஏற்றவேண்டும். குளிர் காய்வதற்குக் கரி அடுப்பை மண்டபத்துக்குள் கொண்டுவருவதை யார் கேட்டாலும் அனுமதிக்காதீர்கள். யன்னல் சாத்திய இடத்தில் கரி எரியும்போது வரும் கண்ணுக்குத் தெரியாத நச்சுவாயு ஆளைக் கொல்லும்.

இனி வாசிப்பு. ஒலிபெருக்கிப் பெட்டிகள் வாசிப்பவருக்கு முன்னால், சனத்தைப் பார்த்து நிற்கவேண்டும். பின்னால் வைத்தால் மைக் கூவும். வாயிலிருந்து 10 முதல் 15 செ.மீ. தூரத்தில், நேராக இல்லாமல் சற்றுப் பக்கவாட்டில் மைக் இருந்தால் மூச்சுக்காற்று இடிக்காது. வயரில்லாத மைக்கின் பற்றரி குளிரில் சீக்கிரம் இறங்கும். மாற்றுப் பற்றரியைச் சட்டைப்பைக்குள் சூடாக வைத்திருங்கள். வெறுஞ்சுவரும் சீமெந்துத் தரையும் எதிரொலிக்கும். பின்சுவரில் நாலைந்து கம்பளியைத் தொங்கவிட்டாலே வித்தியாசம் தெரியும்.

கவிதையைத் தொலைபேசியில் பார்த்து வாசிப்பதைவிடத் தாளில் வாசிப்பது மேல். விறைத்த விரலுக்குத் திரை கேட்காது. 18 புள்ளி எழுத்து, ஒன்றரை வரி இடைவெளி, ஒரு பக்கம் மட்டும் அச்சு, பக்கம் மாறும் இடத்தில் பத்தி உடையாமல். இருபது வரிக் கவிதை நிதானமாக வாசிக்க ஒன்றரை முதல் இரண்டு நிமிடம் பிடிக்கும். ஆகவே ஐந்து நிமிடத்துக்கு இரண்டு கவிதைதான். வாசிக்கப்போகிறவர் அதற்குச் சற்று முன் வெறும் சுடுநீர் குடிப்பது தொண்டைக்கு நல்லது. வரவேற்புரை ஐந்து நிமிடம், பொன்னாடை இல்லை, பிரமுகர் உரை இல்லை. சனம் குளிரில் உட்கார்ந்திருக்கிறது. அந்தப் பொறுமை முழுவதும் கவிஞர்களுக்கும் ஓவியர்களுக்கும் சேரவேண்டியது.

பாடுகிறவர்களைக் கலைநிகழ்ச்சி என்று தனியாக ஒதுக்காமல் வாசிப்புச் சுற்றுக்குள்ளேயே சேருங்கள். இந்த மலைகளில் கவிதை பாட்டாகத்தான் வாழ்ந்தது. தோட்டத் தொழிற்சங்கத் தலைவர் கோ. நடேசய்யரின் மனைவி மீனாட்சி அம்மாள் தாம் எழுதிய பாட்டுகளைத் தொழிலாளர்களுக்கு முன்னால் பாடினார். மலையக எழுத்தாளர் சி.வி. வேலுப்பிள்ளை தோட்டத்து மக்களின் பாடல்களைத் தேடித் தொகுத்தார். தாலாட்டும் கும்மியும் தெரிந்த பெரியம்மாமார் இன்றும் ஒவ்வொரு டிவிசனிலும் இருக்கிறார்கள். மைக்குக்கு முன்னால் நின்று பாடச் சொன்னால் கூச்சப்படுவார்கள். நாற்காலி போட்டு, பக்கத்தில் துணைக்கு ஒருவரை உட்காரவைத்தால் பாடுவார்கள். ஒப்பாரியைக் கோயில் மண்டபத்தில் வைக்கவேண்டாம். அது வீட்டாருக்கும் கோயிலுக்கும் மனவருத்தம் தரும். தப்பு மேளம் சேர்ப்பதென்றால் ஈரக்காற்றில் தோல் தொய்ந்து ஓசை செத்துவிடும். வெளியே வைக்கோலோ காகிதமோ கொளுத்திக் காய்ச்சி, சூடு ஆறுவதற்குள் உள்ளே வந்துவிடவேண்டும். அடிப்பவர் முறை வருவதற்குப் பத்து நிமிடம் முன்பே அவரிடம் சொல்லிவிடுங்கள்.

எண்பது பேருக்கு ஆளுக்கு இரண்டு கோப்பை இஞ்சித் தேத்தண்ணி என்றால் 24 லீற்றர் தண்ணீர், 400 கிராம் தேயிலை, 300 கிராம் இஞ்சி, ஒன்றரைக் கிலோவுக்குச் சற்று மேலே சீனி. கடலைச் சுண்டலுக்குக் காய்ந்த கடலை மூன்றேகால் கிலோ. உயரம் கூடக்கூடத் தண்ணீர் குறைந்த சூட்டிலேயே கொதிக்கும். நுவரெலியாவில் 94 பாகைபோலத்தான். அதனால் கடலை வேக நேரமெடுக்கும். முதல் நாள் இரவே ஊறப்போடுங்கள். தேநீர் மேசை வாசலுக்கு வெளியே, தாழ்வாரத்தில் இருக்கட்டும். உள்ளே வைத்தால் ஆவி அத்தனையும் படங்களுக்குத்தான் போகும்.

படங்களை வாங்கும்போதே ஒரு கொப்பியில் இலக்கம், பெயர், விலை, ஏற்கெனவே உள்ள கீறல் கறை எல்லாம் எழுதி, முன்னும் பின்னும் புகைப்படம் எடுத்து, கொண்டுவந்தவரிடம் கையெழுத்து வாங்குங்கள். படத்தின் பின்புறத்தில் இலக்கத்தைப் பென்சிலால் போடவேண்டும். பேனை மை ஈரத்தில் முன்பக்கம் ஊறும். விற்பனையானதில் சிவப்புப் பொட்டு ஒட்டுங்கள், ஆனால் காட்சி முடியும்வரை கழற்றிக் கொடுக்காதீர்கள். வரிசையில் ஓட்டை விழுந்தால் பின்னால் வருபவர்களுக்கு ஏமாற்றம்.

முடிந்ததும் அவசரத்தில் பொலித்தீனில் சுற்றுவதால்தான் அதிகமான படங்கள் கெடுகின்றன. உள்ளே அடைபட்ட ஈரம் ஒரு வாரத்தில் பூசணமாகும். முதலில் வெள்ளைத் தாளோ பழைய பருத்திச் சீலையோ சுற்றுங்கள். பத்திரிகைத் தாளின் மை ஒட்டும். மழையில் கொண்டுபோக மட்டும் மேலே பொலித்தீன் போட்டு, வீட்டுக்குப் போன உடனே கழற்றச் சொல்லுங்கள். ஆட்டோவில் ஏற்றும்போது முகத்துக்கு முகம், முதுகுக்கு முதுகு, நடுவில் மட்டை. அக்ரிலிக் ஓவியமென்றால் அந்த எண்ணெய்த்தாளும். மூலைகளுக்கு மடித்த காட்போட். கண்ணாடி இருந்தால் அதன்மேல் குறுக்கும் நெடுக்கும் மாஸ்கிங் டேப் ஒட்டுங்கள், உடைந்தாலும் துண்டு படத்தைக் கிழிக்காது. அன்று எடுத்துப்போக முடியாத படங்களை வெளிச்சுவரில் சாய்க்காமல், தரையிலிருந்து ஓரடி உயரத்தில் பலகைமேல் நிறுத்தி, துணியால் மட்டும் மூடி வையுங்கள். அடுத்த போயாவுக்குள் எல்லாம் உரியவர் கைக்குப் போய், கொப்பியில் இரண்டாவது கையெழுத்தும் விழுந்துவிடவேண்டும்.