சேனல் தடம் மாறுவது சார்ட்டில்தான் தொடங்குகிறது

வரலாற்றுச் சேனலில் அடகுக்கடை பேரம் ஓடுகிறது. கல்விக்காகத் தொடங்கிய சேனலில் குடும்பச் சண்டை. பாட்டுச் சேனலில் பாட்டைத் தேட வேண்டியிருக்கிறது. இதைப் பார்த்து நொந்துபோகிற நேயர்கள், எங்கோ ஒரு அறையில் நாலு பேர் கூடி ‘இனி வரலாறு வேண்டாம்’ என்று முடிவெடுத்திருப்பார்கள் என்று நினைக்கிறார்கள். அப்படி ஒரு கூட்டம் பெரும்பாலும் நடப்பதே இல்லை. நிகழ்ச்சி அட்டவணை போடுகிறவர்களின் மேசையில், எஃப்.பி.சி. என்று தொழிலில் சொல்கிற வாராந்திர சார்ட்டில், ஒரு கட்டம் மாறுகிறது. அடுத்த மாதம் அதன் பக்கத்துக் கட்டம். ஒவ்வொரு மாற்றத்துக்கும் அந்த நேரத்தில் நியாயமான ஒரு காரணம் இருக்கும். மூன்று நான்கு வருடம் கழித்துப் பழைய சார்ட்டையும் புதிய சார்ட்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால்தான் சேனல் வேறொன்றாகிவிட்டது தெரியும்.

வாரத்துக்கு 168 மணி நேரம். அரை மணிக் கட்டங்களாகப் பிரித்தால் 336. இதில் இரவு 8 முதல் 11 வரையிலான பிரைம் டைம் நாளுக்கு 6 கட்டம், வாரத்துக்கு 42. விளம்பர வருமானத்தின் கனம் இந்த 42-இல்தான் இருக்கிறது. அதனால் சோதனையும் இங்கேதான் நடக்கும். அமெரிக்க கேபிள் சேனல்கள் பலவற்றில் 8 முதல் 11 வரை ஓடியது 11 மணிக்கு மேல் அப்படியே மறுபடி ஓடும். நாடு முழுவதற்கும் ஒரே ஒளிபரப்பை வைத்துக்கொண்டு, கடிகாரத்தில் மூன்று மணி நேரம் பின்னால் இருக்கும் மேற்குக் கரையின் மாலை நேரத்தையும் பிடிப்பதற்கான ஏற்பாடு அது. ஆகவே ஒரு கட்டத்தை மாற்றினால் இரண்டு கட்டம் மாறும். அந்த நிகழ்ச்சி ஓடிவிட்டால் பகலில் ரிப்பீட், வார இறுதியில் மாரத்தான். ஒரே ஒரு புதுத் தொடர் மூன்று மாதத்தில் சார்ட்டின் நிறத்தையே மாற்றிவிடும்.

அந்த ஒரு கட்டம் ஏன் மாறுகிறது என்பதற்கு ரேட்டிங் கணக்கைப் புரிந்துகொள்ள வேண்டும். ரேட்டிங் என்பது எத்தனை பேர் எட்டிப் பார்த்தார்கள் என்பதல்ல; சராசரியாக ஒரு நிமிடத்தில் எத்தனை பேர் இருந்தார்கள் என்பது. அரை மணி நிகழ்ச்சி ஒன்றை 1000 பேர் எட்டிப் பார்த்து, ஆளுக்கு 5 நிமிடம் இருந்தால் சராசரி 167. இன்னொரு நிகழ்ச்சிக்கு 400 பேர்தான் வந்தார்கள், ஆனால் ஆளுக்கு 20 நிமிடம் உட்கார்ந்தார்கள் என்றால் சராசரி 267. முதல் நிகழ்ச்சியை இரண்டரை மடங்கு மக்கள் தொட்டிருக்கிறார்கள்; ஆனாலும் விற்பனைப் பிரிவுக்கு இரண்டாவதுதான் பெரிய நிகழ்ச்சி.

எம்.டி.வி.யை இந்தக் கணக்குதான் மாற்றியது. 1981 ஆகஸ்ட் 1-ஆம் தேதி அமெரிக்காவில் தொடங்கியபோது அதற்குக் கிட்டத்தட்ட இலவசமாகவே சரக்கு கிடைத்தது. இசைக் கம்பெனிகள் தங்கள் ஆல்பத்துக்கு விளம்பரமாகப் பாட்டு வீடியோக்களைக் கொடுத்தன. ஆனால் பாட்டு என்பது மூன்று நான்கு நிமிடம். ஒவ்வொரு பாட்டின் முடிவும் நேயர் கிளம்பிப் போக ஒரு கதவு. பிடிக்காத பாட்டு வந்தால் ரிமோட்டுக்குக் கை போகும். 1987-இல் ‘ரிமோட் கன்ட்ரோல்’ என்ற வினாடி வினா வந்தது. அரை மணி நேரம் ஒரே ஓட்டம், நடுவில் கதவு இல்லை. 1992-இல் ‘தி ரியல் வேர்ல்ட்’. முதலில் யோசித்தது எழுதி நடிக்கும் ஒரு நாடகத் தொடர். அதற்கு எழுத்தாளர், நடிகர், செட் என்று செலவு கட்டுப்படியாகாததால், முன்பின் தெரியாத இளைஞர்களை ஒரே வீட்டில் தங்கவைத்துப் படம்பிடித்தார்கள். 2010-இல் லோகோவுக்கு அடியிலிருந்த ‘மியூசிக் டெலிவிஷன்’ என்ற வரி எடுக்கப்பட்டது. முதல் விலகலுக்கும் அந்த வரி போனதற்கும் நடுவே 20 வருடத்துக்கு மேல்.

ஹிஸ்டரி சேனலின் கதையை இன்னும் கிட்டப் போய்ப் பார்க்கலாம். 1995 ஜனவரி 1-இல் தொடங்கியது. ஆரம்ப வருடங்களில் இரண்டாம் உலகப் போர் ஆவணப்படங்கள் அதிகம். பார்த்தவர்களில் வயதான ஆண்கள் அதிகம். விளம்பரதாரர் கேட்டதோ 18 முதல் 49 வயது, அல்லது 25 முதல் 54. 2007-இல் பனி உறைந்த ஏரிகளின் மேல் லாரி ஓட்டுகிறவர்களைப் பற்றிய தொடர் வந்தது. 2009 ஜூலையில் லாஸ் வேகாஸ் அடகுக்கடை ஒன்றை வைத்து ‘பான் ஸ்டார்ஸ்’. அட்டவணை போடுகிறவரின் கண்ணோடு அதைப் பிரித்துப் பார்த்தால் அது எவ்வளவு கச்சிதமான சரக்கு என்று விளங்கும்.

அரை மணிக் கட்டத்தில் விளம்பரம் போக மிஞ்சுவது 22 நிமிடம் அளவில். அதற்குள் நாலைந்து பொருள் வரும். ஒருவர் பழைய துப்பாக்கியோ நாணயமோ கொண்டுவருகிறார். கடைக்காரர் அது எந்தக் காலம், யார் பயன்படுத்தியது என்று சில வரி சொல்கிறார். சந்தேகம் இருந்தால் நிபுணர் வருவார், ஒன்றிரண்டு நிமிடம் விளக்குவார். பிறகு பேரம். விலை சொல்லும் நொடியில் பிரேக். திரும்பி வந்ததும் விட்ட இடத்தை ஒரு வரியில் நினைவூட்டிவிட்டு விலை. வரலாறு அதற்குள் இருக்கிறது; சேனல் பெயருக்குக் குற்றம் சொல்ல முடியாத அளவுக்கு இருக்கிறது. ஆனால் நேயரை உட்காரவைப்பது பேரம். ஐந்தாவது நிமிடத்தில் வந்தாலும் புரியும், பன்னிரண்டாவது நிமிடத்தில் வந்தாலும் புரியும். எந்த எபிசோடுக்கும் முன்கதை வேண்டாம். பத்து எபிசோடை வரிசை மாற்றி அடுக்கினாலும் யாருக்கும் வித்தியாசம் தெரியாது. இப்படி ஒன்று கையில் கிடைத்துவிட்டால், முதலாம் உலகப் போரைப் பற்றி ஒரு மணி நேரம் கவனமாகச் சொல்லும் ஆவணப்படத்தை அதே 9 மணிக்கு வைக்க எந்த அட்டவணையாளருக்கும் தைரியம் வராது. அங்கேதான் இழப்பு. பத்தாவது நிமிடத்தில் வந்தவருக்குப் புரியாமல் போவது நல்ல ஆவணப்படத்தின் குறை இல்லை. ஒரு வாதத்தை முதலிலிருந்து கட்டி எழுப்புவதற்கு அது கொடுக்கும் விலை. ரேட்டிங் மீட்டரில் அந்த விலை மட்டும்தான் பதிவாகிறது.

செலவுக் கணக்கும் அதே பக்கம்தான் தள்ளுகிறது. வரலாற்று ஆவணப்படத்துக்கு ஆவணக் காட்சிகள் வேண்டும். அவை நிமிடக் கணக்கில், சில இடங்களில் நொடிக் கணக்கில் விலைக்கு வரும். உரிமத்தில் எந்த நாடு, எத்தனை வருடம், எத்தனை ரன் (எத்தனை முறை ஒளிபரப்பலாம்) என்று எழுதியிருக்கும். கெடு முடிந்தால் முழுப் படத்தையும் கிடப்பில் போட வேண்டியதுதான், அல்லது அந்தக் காட்சிகளை வெட்டி மறுபடி எடிட் செய்ய வேண்டும். ஆய்வாளர், உண்மை சரிபார்ப்பவர், பேட்டிக்குப் பேராசிரியர்கள் என்று ஆள் செலவு வேறு. கடைக்குள் எடுக்கிற ரியாலிட்டியில் லொகேஷன் ஒன்று, ஒரு நாளில் பல எபிசோடுக்கான துண்டுகள் தேறும், காட்சிகள் எல்லாம் சொந்தம். எத்தனை ரன் ஓட்டினாலும் கேட்க ஆளில்லை.

எல்லா விலகலும் ரேட்டிங்கால் வந்ததில்லை. 1984-இல் தொடங்கிய அமெரிக்கன் மூவி கிளாசிக்ஸ் பழைய ஹாலிவுட் படங்களை வெட்டாமல், நடுவில் விளம்பரம் போடாமல் காட்டிவந்தது. அதற்குச் சொந்தப் படக் கிடங்கு இல்லை. ஸ்டுடியோக்களிடம் உரிமம் வாங்கித்தான் ஓட்டியது. தொலைக்காட்சி அதிபர் டெட் டர்னர் 1986-இல் எம்.ஜி.எம். பட நிறுவனத்தை வாங்கி, பிறகு மற்றதை விற்றும் பழைய படங்களின் கிடங்கை மட்டும் வைத்துக்கொண்டார். 1994-இல் அந்தக் கிடங்கைக் கொண்டே டி.சி.எம். என்ற பழைய படச் சேனலைத் தொடங்கினார். நல்ல பழைய படங்கள் போட்டியாளரின் வீட்டுக்குள் போய்விட்டால் உரிமம் வாங்கி ஓட்டுகிறவர் என்ன செய்வார்? புதிய படங்களுக்கு நகர்ந்தார்கள், விளம்பரம் வந்தது, பெயர் ஏ.எம்.சி. என்று மூன்றெழுத்தானது, 2007-இல் ‘மேட் மென்’ என்ற நாடகத் தொடர் வந்தது. அது தரமான தொடர்தான். விலகல் என்றாலே தரம் குறைவது என்று நினைக்கிறவர்கள் இந்த உதாரணத்தைக் கவனிக்க வேண்டும். ஆனால் பழைய படத்துக்காக அந்தச் சேனலைத் தேடிவந்தவருக்கு ‘மேட் மென்’ ஈடாகாது.

பெயர் சுருங்குவது முதல் படி அல்ல. பெரும்பாலும் சார்ட் மாறத் தொடங்கிய பிறகுதான் பெயர்ப்பலகை மாறும். கோர்ட் டி.வி. 2008-இல் ட்ரூ டி.வி. ஆனது. சை-ஃபை சேனல் 2009-இல் எழுத்துக் கூட்டலை மாற்றிக்கொண்டது. தி லேர்னிங் சேனல் 1998-இல் டி.எல்.சி. ஆனது.

இந்த டி.எல்.சி.யின் வேர் நம் ஊர்க்காரர்கள் பலருக்குத் தெரியாது. 1970-களில் நாசாவின் ஏ.டி.எஸ்.-6 செயற்கைக்கோள் வழியாக, அமெரிக்காவின் அப்பலாச்சிய மலைப்பகுதி ஆசிரியர்களுக்குப் பயிற்சி கொடுக்கும் திட்டம் ஒன்று நடந்தது. அதிலிருந்து வளர்ந்ததுதான் அந்தச் சேனல். அதே செயற்கைக்கோளைத்தான் அதன் பிறகு இந்தியாவின் பக்கம் நகர்த்தி, 1975 ஆகஸ்ட் முதல் ஒரு வருடம், ஆறு மாநிலங்களில் சுமார் 2400 கிராமங்களுக்கு ‘சைட்’ கல்வி ஒளிபரப்பைச் செய்தார்கள். அமெரிக்கப் பக்கத்தில் 1991-இல் டிஸ்கவரி அந்தச் சேனலை வாங்கியது. 2000-இல் அண்டை வீட்டார் ஒருவர் வீட்டு அறையை மற்றவர் அலங்கரிக்கும் நிகழ்ச்சி வந்தது. 2012-இல் அழகுப் போட்டிச் சிறுமி ஒருத்தியின் குடும்பத்தைப் பின்தொடரும் தொடர். பொதுப் பணத்தில், மலைக்கிராம ஆசிரியருக்காக எழுந்த ஒன்று அங்கே போய் நின்றது வருத்தமான விஷயம். இதை நாகரிகமாகச் சொல்ல வேறு வழி தெரியவில்லை.

இவ்வளவு நேயர்கள் கோபப்பட்டும் சேனலுக்கு ஏன் உறைக்கவில்லை? அமெரிக்க கேபிளில் அடிப்படைத் தொகுப்பில் இருக்கும் சேனலுக்கு, பார்க்கிற வீடு பார்க்காத வீடு எல்லாம் மாதாமாதம் பணம் கட்டுகிறது. வீட்டுக்கு மாதம் 20 சென்ட் என்று வைத்துக்கொள்ளுங்கள். 9 கோடி வீடுகளுக்கு வருடத்துக்கு 21.6 கோடி டாலர். வரலாற்று ஆர்வலர் கோபித்துக்கொண்டு சேனலைப் பார்ப்பதை நிறுத்தினாலும் அவர் பணம் வந்துகொண்டேதான் இருக்கும். அவரை இழப்பதில் நஷ்டம் இல்லை, புதியவர் வந்தால் விளம்பர லாபம். விலகலுக்கு இதைவிடப் பெரிய ஊக்கம் வேண்டாம்.

அதனால்தான் உண்மையில் பலித்த எதிர்ப்பு நேயரிடமிருந்து வராமல், சேனலை எடுத்துச் செல்கிற நிறுவனத்திடமிருந்து வந்தது. வானிலைக்கென்றே 1982-இல் தொடங்கிய தி வெதர் சேனல், மாலை நேரங்களில் ரியாலிட்டித் தொடர்களை ஓட்டத் தொடங்கியிருந்தது. 2014 ஜனவரியில் டைரக்டிவி என்ற செயற்கைக்கோள் டி.வி. நிறுவனம், கட்டணப் பேச்சுவார்த்தை முறிந்ததும் சேனலைத் தூக்கிவிட்டு அந்த இடத்தில் வேறொரு வானிலைச் சேனலை வைத்தது. சுமார் 2 கோடி வீடுகள் போயின. ஏப்ரலில் சமாதானம் ஆனபோது, வார நாட்களில் ரியாலிட்டியைப் பாதியாகக் குறைப்பதாகவும் உள்ளூர் வானிலையைத் திரும்பக் கொடுப்பதாகவும் சேனல் ஒப்புக்கொண்டது. சேனலை எடுத்துச் செல்வதற்கான கேரியேஜ் ஒப்பந்தத்தில் ‘வானிலைச் சேனல்’ என்று பொதுவாக எழுதுவதைவிட, ‘வார நாளில் இத்தனை மணி நேரம்’ என்று எழுதுவதில்தான் பலம் இருக்கிறது.

இந்தியாவில் ஒழுங்குமுறை ஆணையமான ட்ராய் 2017-இல் கொண்டுவந்த விதிமுறைப்படி ஒவ்வொரு சேனலும் தன் ஜானரை, அதாவது எந்த வகைச் சேனல் என்பதை, அறிவிக்க வேண்டும். ஒரே ஜானர் சேனல்கள் ஈ.பி.ஜி.யில், அதாவது டி.வி. திரையில் வரும் சேனல்-நிகழ்ச்சிப் பட்டியலில், ஒன்றாக வர வேண்டும். அறிவிக்கிறவர் ஒளிபரப்பாளர்தான். இங்கேயும் விலகல் பழையதுதான். இந்தியாவில் 2003-இல் தொடங்கிய ஹிஸ்டரி சேனல் படிப்படியாக ஃபாக்ஸ் ஹிஸ்டரி அண்ட் என்டர்டெயின்மென்ட், ஃபாக்ஸ் ட்ராவலர், ஃபாக்ஸ் லைஃப் என்று மாறியது. வரலாறு பொழுதுபோக்கோடு சேர்ந்தது, பிறகு பயணமானது, கடைசியில் வெறும் வாழ்க்கைமுறை. சேனல் வி 2012-இல் பாட்டை அடியோடு நிறுத்தி இளைஞர் தொடர்களுக்குப் போனது, சில வருடத்தில் மறுபடி பாட்டுக்கே திரும்பிப் பார்த்தது, 2018-இல் மூடப்பட்டது. சிறிய சேனல்களுக்கு இங்கே இன்னொரு சிக்கல். ரேட்டிங் எடுக்க மீட்டர் வைத்த மாதிரி வீடுகளில் அந்தச் சேனலைப் பார்ப்பவை மிகச் சில. நாலைந்து வீடுகள் ஒரு வாரம் ஊருக்குப் போனாலே எண் சரியும். வியாழக்கிழமை வருகிற அந்த எண்ணை வைத்து அடுத்த வாரச் சார்ட்டைத் திருத்துவது, சத்தத்தைச் செய்தி என்று எடுத்துக்கொள்வது. சிறு சேனலுக்குக் குறைந்தது எட்டு வார சராசரியை எடுத்து, அதே கட்டத்தின் போன வருட எண்ணோடு ஒப்பிட்ட பிறகே கை வைக்க வேண்டும்.

ஒரு சேனல் எவ்வளவு விலகியிருக்கிறது என்று வெளியிலிருந்தே கணக்கெடுக்கலாம். ஒரு வார ஈ.பி.ஜி.யை எடுத்து, டெலிஷாப்பிங் கட்டங்களைக் கழித்துவிட்டு, சேனல் எதற்காகத் தொடங்கப்பட்டதோ அந்த மூலப் பொருளைச் சேர்ந்த கட்டங்களை எண்ணுங்கள். மொத்த எண்ணிக்கை ஏமாற்றும். பிரைம் டைமின் 42-இல் எத்தனை என்று தனியாகப் பாருங்கள். அதற்குள்ளும் புதிய எபிசோடு எத்தனை, ரிப்பீட் எத்தனை என்று பிரியுங்கள். மூலப் பொருள் விடியற்காலை 5 மணிக்கும் பிற்பகலுக்கும் ஒதுங்கி, அதிலும் எல்லாம் ரிப்பீட் என்றால் அந்தப் பொருளுக்குப் புதிதாகப் பணம் ஒதுக்குவது நின்றுவிட்டது என்று பொருள்.

அந்த நிலைக்கு வந்த சேனல் மனம் மாறித் திரும்ப நினைத்தாலும் ஒரே பருவத்தில் முடியாது. பழைய படங்களின் உரிமம் காலாவதியாகியிருக்கும். எந்த ஆவணக் கிடங்கில் எந்த ரீல் இருக்கிறது என்று அறிந்த ஆய்வாளர்களும், ஒரு கையெழுத்துப் பிரதியின் மேல் கேமராவை எவ்வளவு நேரம் நிறுத்தலாம் என்று தெரிந்த எடிட்டர்களும் வேறு வேலைக்குப் போயிருப்பார்கள். புதிய ஆவணத் தொடர் ஒன்றுக்கு இன்று கையெழுத்திட்டால் ஆய்வு, உரிமம், படப்பிடிப்பு, எடிட்டிங் எல்லாம் முடிந்து திரைக்கு வர ஒன்று முதல் ஒன்றரை வருடம் ஆகும். அதுவரை அந்த 9 மணிக் கட்டத்தில் எதையாவது ஓட்டியாக வேண்டும். கையில் இருப்பது அடகுக்கடைதான்.