சான் பியேர் துறையை வரைகிறேன்: ஆறாவது வாரம்

மார்த்தினிக் தீவின் சான் பியேர் ஊரைக் கடலிலிருந்து எடுத்த பழைய படஅஞ்சலட்டை ஒன்றை வைத்துக்கொண்டு, ஏ3 தாளில் வாட்டர்கலரில் வரைந்து வருகிறேன். பின்னால் பெலே எரிமலை, கீழே வரிசையாக வீடுகள், முன்னால் பாய்மரக் கப்பல்கள். படம் 1902க்கு முந்தையது. அந்த ஆண்டு மே 8 காலை 8 மணி வாக்கில் பெலே வெடித்துச் சில நிமிடங்களில் ஊரே எரிந்துபோனது. சுமார் 28,000 பேர் இறந்தார்கள்.

முதல் இரண்டு வாரம் பென்சில் வேலை. அதில் சொல்ல அதிகமில்லை.

மூன்றாவது வாரம் தண்ணீருக்கு வண்ணம் பூசினேன். கரீபியன் கடல் என்றதும் கை தானாக அலையும் நுரையும் போட்டுவிட்டது. அஞ்சலட்டையிலோ தண்ணீர் குளம் போலக் கிடக்கிறது. வரைபடத்தை விரித்துப் பார்த்த பிறகுதான் புரிந்தது. அங்கே காற்று ஆண்டின் பெரும்பகுதி வடகிழக்கிலிருந்தும் கிழக்கிலிருந்தும் வீசுகிறது. ஊர் மேற்குக் கரையில் இருக்கிறது. நடுவில் மலை காற்றைத் தடுத்துவிடுகிறது. சான் பியேரில் அலைதடுப்புச் சுவர் கட்டிய துறைமுகம் கிடையாது, திறந்த கடல்தான். இருந்தும் அத்தனை கப்பல்கள் அங்கே நங்கூரமிட்டு நின்றதற்கு இந்த மலை மறைப்பு பெரிய காரணம். சர்க்கரையும் ரம்மும் கரையிலிருந்து படகில் ஏறிக் கப்பலுக்குப் போயின. நுரையை எல்லாம் ஈரத் தூரிகையால் தேய்த்து எடுத்தேன். தாள் 300 ஜிஎஸ்எம், அதாவது நல்ல தடிமன், என்பதால் தாங்கியது.

அடுத்த தவறு வெளிச்சத்தில். கப்பல்களை முதலில் கருநிழலாகப் பூசியிருந்தேன். பார்க்க அழகாகத்தான் இருந்தது. ஆனால் கடலைப் பார்த்த வீட்டுச் சுவர்களில் வெயில் பளிச்சென்று அடிக்கிறது. மேற்குப் பார்த்த சுவரில் நேர் வெயில் என்றால் அது பிற்பகல். அப்போது கப்பல்களின் நம் பக்கமும் வெளிச்சமாகத்தானே இருக்க வேண்டும்? இரண்டு நாள் உட்கார்ந்து கருப்பைக் கரைத்தேன்.

இப்போது கப்பல்கள். பழைய படங்களில் கப்பலின் வகையைக் கண்டுபிடிக்க நான் முதலில் பார்ப்பது கடைசிப் பாய்மரத்தை. மூன்று பாய்மரங்களிலும் பாய் தொங்கும் குறுக்குமரங்கள் இருந்தால் அது முழுப்பாய்க் கப்பல். முதல் இரண்டில் மட்டும் இருந்து, பின்மரத்தில் கப்பலின் நீளவாக்கில் விரியும் பாய்கள் மட்டும் இருந்தால் அது பார்க். அஞ்சலட்டையின் முன்வரிசையில் எனக்கு ஒரு பார்க் வேண்டியிருந்தது. காரணம் தமாயா. பெலே வெடித்த அன்று அங்கே அழிந்த பிரெஞ்சுக் கப்பல்களில் ஒன்று அது. வெடிப்புக்குச் சற்று முன் பெலெம் என்ற இன்னொரு பார்க் வந்து சேர்ந்தது. அது நிற்க வேண்டிய இடத்தில் தமாயா நின்றிருந்தது. வேறு வழியில்லாமல் பெலெம் தீவின் மறுபக்கம் போய் நங்கூரமிட்டது, பிழைத்துக்கொண்டது. 1896இல் பிரான்சின் நாந்து நகரில் கட்டிய அந்தக் கப்பல் இன்றும் கடலோடுகிறது. இதை முதலில் படித்த இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை.

சரி, பெலெமின் இன்றைய படங்களைப் பார்த்துத் தமாயாவை வரையலாம் என்று தொடங்கினேன். மேல்தளத்தின் அழகான மரக் கைப்பிடிச் சுவரைக் கூட விடாமல் வரைந்தேன். அப்புறம்தான் தெரிந்தது, 1914இல் ஒரு பிரபு அதை வாங்கிச் சொந்த உல்லாசக் கப்பலாக்கியபோது சேர்த்தது அது. 1902இல் சரக்கு ஏற்றிய கப்பலில் அதெல்லாம் இருக்காது. அழித்துவிட்டு வெற்று விளிம்பாக விட்டேன். நங்கூரமிட்ட கப்பல் என்பதால் பாய்களைக் குறுக்குமரத்தோடு சுருட்டிக் கட்டியதாகக் காட்டியிருக்கிறேன்.

இந்தத் துறையைத் தேர்ந்தெடுத்ததற்கு இன்னொரு காரணமும் உண்டு. 1853 மே 6 அன்று ஒரேலி என்ற கப்பல் 313 இந்தியர்களை ஒப்பந்தக் கூலிகளாக இங்கேதான் கொண்டுவந்து சேர்த்தது. அதன் பின் 1880கள் வரை சுமார் 25,000 பேர் வந்தார்கள், பெரும்பாலோர் நம் தமிழர்கள். அவர்கள் முதலில் பார்த்த மலை இது என்பதால் மலையின் பச்சையை மட்டும் மூன்று முறை திருத்தினேன், இன்னும் மனம் ஆறவில்லை.

மீதி இருப்பது கயிறுகள். மெல்லிய நிப்பில் பழுப்பு மை தொட்டு வேறு தாளில் பழகி வருகிறேன். அது முடிந்ததும் ஊரின் கடலோரச் சதுக்கமான பிளாஸ் பெர்த்தான் கரையில் உருட்டி வைத்த பீப்பாய்கள். முப்பதுக்கு மேல் எண்ணியிருக்கிறேன்.