இதை மட்டும் சொல்லிடாதே தங்கச்சி

மருத்துவமனையில் தமிழ் நோயாளிகளுக்கு மொழிபெயர்ப்பாளர் நான். டாக்டரின் கேள்வியைச் சரியாகத்தான் தமிழில் கேட்டேன். "போன 12 மாசத்துல, அடுத்து வாங்கக் காசு வர்றதுக்குள்ள வீட்டுச் சாப்பாட்டுச் சாமான் தீர்ந்துடுமோன்னு கவலைப்பட்டிருக்கீங்களா? அடிக்கடியா, சில சமயமா, இல்லவே இல்லையா?" 18 கேள்விகள் கொண்ட பெரிய படிவத்திலிருந்து உருவிய இரண்டில் இது முதலாவது. "சில சமயம்" என்றாலே போதும், உணவு உதவிக்கு எழுதிக் கொடுத்துவிடுவார்கள்.

நோயாளியான அக்கா சிரித்தார். "சாப்பாட்டுக்கு என்ன குறை? இல்லன்னு சொல்லு."

சொன்னேன். டாக்டர் கணினிப் பக்கம் திரும்பியதும், கைப்பை ஜிப்பைத் திறந்து மூடிக்கொண்டே, "மாசக் கடைசியில ராத்திரி நான் மட்டும் சாப்பிடறதில்ல. பசங்களுக்குச் சரியாப் போயிடும். இதை மட்டும் சொல்லிடாதே தங்கச்சி, ஃபைல்ல ஏறினா விசாவுக்கு வம்பு" என்றார்.

அறையில் பேசுவது எதையும் கூட்டாமல் குறைக்காமல் சொல்ல வேண்டும் என்பது எங்கள் வேலையின் அரிச்சுவடி. நோயாளியிடமும் அதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். அன்று சொன்னேனா? அவசரத்தில் விட்டிருப்பேன். அப்படியானால் அவர் நம்பிச் சொன்னதை எப்படிப் போட்டு உடைப்பது? அவர் பயமும் வெறும் பயமில்லை. அரசு உதவி வாங்குவதைக் குடியேற்ற விண்ணப்பத்தில் கணக்கெடுக்கும் நாடுகள் இருக்கத்தான் செய்கின்றன.

ஆனால் மூன்று மாதச் சராசரிச் சர்க்கரை ஏறியிருந்தது. பட்டினி கிடந்த ராத்திரிகள் சராசரியில் தெரியாது. டாக்டர் கிளிமிபிரைடு அளவைக் கூட்டினார். சாப்பிட்டாலும் சாப்பிடாவிட்டாலும் இன்சுலினைச் சுரக்கவைக்கிற மாத்திரை. வெறும் வயிற்றோடு படுத்து, தூக்கத்தில் சர்க்கரை 70க்குக் கீழே போனால்?

வாய் முந்திக்கொண்டது. "ஒரு வேளை சாப்பாடு தவறிட்டா இந்த மாத்திரையை என்ன பண்றதுன்னு கேக்கறாங்க டாக்டர்." அக்கா அப்படிக் கேட்கவே இல்லை.

"காலையில் சாப்பிடவில்லை என்றால் அன்றைக்குப் போட வேண்டாம்" என்றார் டாக்டர். பெயர்த்துச் சொன்னேன். அக்கா தலையாட்டினார். வெளியே வந்ததும் என் கையைப் பிடித்து அழுத்தினார். ரகசியமும் காப்பாற்றியாயிற்று, உயிரும் காப்பாற்றியாயிற்று என்று எனக்குக் கொஞ்சம் பெருமைகூட.

பஸ்ஸில் பாதி வழியில்தான் உறைத்தது. அக்கா காலையில் சாப்பிடுகிறவர். மாத்திரையும் காலையில்தான். விடுவது ராத்திரிச் சாப்பாட்டை. அந்தப் பதில் அவருக்கு எதற்கும் உதவாது. நான் கேட்டது அவருடைய கேள்வியே இல்லையே, பதில் மட்டும் எப்படிப் பொருந்தும்?

மறுநாள் நர்ஸிடமாவது சொல்லியிருக்கலாம். விசா ஞாபகம் வந்தது. அல்லது நான் மாட்டிக்கொள்வேன் என்கிற பயமா, இன்னும் பிரித்துப் பார்க்க முடியவில்லை. நோயாளியை நாங்களாகத் தொடர்புகொள்ளக்கூடாது என்றும் ஒரு விதி உண்டு. அதை மட்டும் அன்று ஒழுங்காகக் கடைப்பிடித்தேன்.